திண்டுக்கல் கண்ட ரமண மஹரிஷி

திண்டுக்கல் மலைக்கோட்டையை நாடோறும் காணும் நம்மிற் பலர், ரமண மஹரிஷிகள் தமது இளம்பிராயத்தில் அம்மலையின் கீழுள்ள ஊரில் மாணவராய் வசித்தனர் என்பதை அறியார். 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி திருச்சுழியில் சுந்தரமையருக்கும் அழகம்மாளுக்கும் புதல்வராய்ப் பிறந்த வேங்கடராமர், ஊர்ப்பள்ளியில் ஆரம்பப் படிப்பை முடித்தபின் 1891-இல் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஓர் இரவு வீட்டார் யாவரும் கோயிலுக்குச் சென்றனர். தனித்திருந்த சிறுவர் கதவையும் ஜன்னல்களையும் தாழிட்டு உறங்கிவிட்டார். திரும்பி வந்தோர் தட்டியும் கூவியும் பயனில்லை. எதிர்வீட்டுத் திறவுகோல் கொண்டு உட்புகுந்த பிள்ளைகள் ஆசைதீர அடித்துப் பார்த்தும் அவர் விழித்தாரில்லை. மறுநாட் காலையில் பிறர் சொல்லவே அறிந்தார். இதனைப் பிற்காலச் சமாதி நிலைக்கு முன்குறியென்பாரும் உளர். நாம் அங்ஙனம் துணியோம். அவ்வயதினரின் உறக்கம் எத்தகையதென்பதை நம் விடுதிக் கண்காணிப்பாளர்களும் நன்கறிவர்.

1892-இல் தந்தையார் காலமாகவே, தமையனார் நாகசுவாமியும் அவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்தில் வளர்ந்தனர். ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பள்ளியிலும் பயின்ற வேங்கடராமருக்கு ஞாபகசக்தி மிகுதி, உழைப்போ குறைவு. பந்தாட்டத்திலும் நீச்சலிலுமே விருப்பம் சென்றது.

1896 ஜூலையில் ஒரு நாள், தேகத்தில் நோய் யாதுமின்றியே மரணபயம் அவரைப் பற்றியது. அவர் எவரையும் அழைத்தாரில்லை. பிணம்போல் கை கால்களை நீட்டிக் கிடந்து, இவ்வுடல் மாய்ந்தால் மாய்வது நானோ என்று தம்முள்ளே ஆராய்ந்தார். உடலுக்கு வேறாய் ஒன்று நிற்பதை உணர்ந்தார். அன்றோடு அச்சம் ஒழிந்தது, பாடத்தில் இருந்த சிறு பற்றும் ஒழிந்தது. ஆகஸ்டு 29-ஆம் தேதி, தண்டனையாக மும்முறை எழுதவேண்டியிருந்த இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை இருமுறை எழுதிப் புத்தகத்தை எறிந்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்து கூறிய சொல் உள்ளத்திற் தைத்தது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்துப் புறப்பட்டார். அக்கடிதம் நான் என்று தொடங்கி, இடையிலே இது என்று மாறி, கையெழுத்தின்றி முடிகிறது. அவர் ஏறிய ரயில் திண்டுக்கல் வழியாகவே வடக்கே சென்றது. செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை அடைந்தார்; அதன்பின் அத்தலத்தை விட்டு நீங்கவேயில்லை.

துறவின் பெருமையை விரித்தெழுதும் சரித்திரகாரர் பலர் அத்தாயின் துயரைச் சில வரிகளிற் கடந்துவிடுகின்றனர். நமக்கோ அதுவே பெரிதும் கருதற்பாலதாகத் தோன்றுகிறது. கணவனை இழந்த அழகம்மாள் 1898 டிசம்பரில் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்புமாறு பல நாள் கண்ணீருடன் மன்றாடினார். மகனோ வாய் திறந்தாரில்லை. அருகிருந்தோர் இரங்கி வேண்டவே, வினைப்படி நடப்பது நடந்தே தீருமாதலின் மௌனமே நன்று என்னும் கருத்தை எழுதித் தந்தார். இது கல்நெஞ்சமோ என்று கேட்பாரை நாம் குறைகூற மாட்டோம். அன்னையார் வெறுங்கையுடன் திரும்பினார். சில காலத்தில் மூத்த மகனையும் இழந்தார்.

1901-02-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் கேட்ட வினாக்களுக்கு எழுதிக்காட்டிய விடைகளே பின்னர் நான் யார் என்னும் சிறுநூலாயின. எந்த எண்ணம் எழினும் அது யாருக்கு எழுந்தது என வினவி, அவ்வினவுவோனின் பிறப்பிடத்தைத் தேடுக என்பதே அவர் காட்டிய வழி. 1907-இல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரியார் அவருக்கு ரமணர் எனப் பெயரிட்டார்.

1916-இல் அன்னையார் மலைக்கே வந்து மகனுடன் தங்கினார். அடுப்பு மூட்டி அடியார்க்குச் சமைத்தார். நோயுற்ற காலத்தில் மகனே இரவெல்லாம் அருகிருந்தார். 1922 மே 19-ஆம் தேதி காலை முதல், ஒரு கையை அன்னையின் மார்பிலும் மற்றொன்றைச் சிரத்திலும் வைத்து, உயிர் அடங்கும் இரவு வரையில் அமர்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அவரைச் சமாதி வைத்தனர். சில மாதங்களில் மஹரிஷிகளும் மலையினின்றிறங்கி அச்சமாதியருகே தங்கலாயினர். ரமணாச்ரமம் எழுந்தது அங்கேதான். 1949 மார்ச்சில் அன்னையின் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு மஹரிஷிகள் சரீரம் நீத்தபோது, அக்கோயிலின் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.