மக்கஃபியின் வாசக புத்தகங்கள்

வாசக புத்தகத்தைக் கையிலெடாத மாணாக்கர் நம்மில் ஒருவருமிலர். அதனைத் தொகுத்தவர் யாரென வினவுவோர் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அத்தொழிலாற் பெயர் நிலைபெற்றவர் வில்லியம் ஹோம்ஸ் மக்கஃபி என்பார்.

1800-ம் ஆண்டிற் பென்சில்வேனியாவிற் பிறந்து, ஒஹையோவின் குடியேற்ற நிலத்தில் வளர்ந்த அவர், 14-ம் பிராயத்திலேயே உபாத்தியாயராயினார். அந்நாளைய எல்லைப்புறப் பள்ளியில் ஓரறையிற் பல பிராயத்தினரும் கூடியிருப்பர்; வீட்டிற் கிடைத்த நூலே பாடநூல். அக்குறை அவர் நெஞ்சில் நின்றது போலும்! 1826-ல் மியாமி சர்வகலாசாலையில் ஆசிரியரான பின்னர், அயலகத்துச் சிறுவரைக் கூட்டி, எப்பாடம் எவருக்குச் சுவைக்குமென்று சோதித்தறிந்தாரென்பர்.

முதலிரண்டு புத்தகங்கள் 1836-லும் அடுத்த இரண்டு 1837-லும் வெளிவந்தன. சிறு கதையில் தொடங்கிச் செய்யுள், சொற்பொழிவு, வேதாகமப் பகுதியென விரிந்து, மாணாக்கனைப் படிப்படியே புலவர் நூல்களிற் கொண்டுபோய் விடுவன அவை.

ஆயினும் இடர் விரைவில் வந்தது. தம் வாசகங்களினின்று பாடங்கள் கவரப்பட்டனவென்று பாஸ்டன் நகரத்து வூஸ்டர் என்பார் 1838-ல் வழக்கிட்டார். பதிப்பாளர் பணங்கொடுத்துத் தீர்த்து, பாடங்களையும் மாற்றினர். மக்கஃபிபாற் குற்றமேயில்லையென்று யாம் கூறத் துணியோம்.

ஊதியமோ 1000 டாலரளவில் நிற்குமென்பது உடன்படிக்கை. விற்பனை 12 கோடிப் பிரதிகளென மதிப்பிடுவர். ஐந்தாம் புத்தகத்தை 1844-ல் தம்பி அலெக்ஸாண்டர் தொகுத்தார். மக்கஃபி 1845 முதல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் ஒழுக்க நூல் கற்பித்து, 1873-ல் ஆண்டே காலமானார். 1879-ல் அப்புத்தகங்கள் பெரிதும் திருத்தப்பெற்று, அவர் பெயராலேயே வெளிவந்தன.