மில்க்‌ஷேக் மெஷின் விற்றவர்

நம் கல்லூரி நண்பர்களில் சிலர் ஃபிரான்சைஸ் எடுத்துத் தொழில் நடத்துகிறார்கள். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் அந்த ஆசை உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு ரே கிராக் ஞாபகம்தான் வந்தது.

1902-ல் சிகாகோ பக்கத்தில் ஓக் பார்க்கில் பிறந்தவர். காகிதக் கப் விற்றார், பியானோ வாசித்தார், பிறகு ஒரே சமயத்தில் 5 மில்க்‌ஷேக் கலக்கும் மெஷின் விற்றார். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ ஊரில் ஒரே கடையில் 8 மெஷின் ஓடுதாம் என்று கேள்விப்பட்டு, 1954-ல் நேரிலேயே போய்விட்டார். அதுதான் மெக்டொனால்டு சகோதரர்கள் கடை. சமையலறையையே அசெம்பிளி லைனாக மாற்றியிருந்தார்கள். இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெருமை சகோதரர்களுக்குத்தான், கிராக்குக்கு அல்ல.

1955-ல், 52 வயதில், டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். உரிமக் கட்டணம் வெறும் 950 டாலர், விற்பனையில் 1.9 சதவீதம் பங்கு. அதாவது கடைக்காரர் விற்றால்தான் இவருக்கும் வருமானம். உருளைக்கிழங்கை எப்படி வறுக்கணும், தரையை எப்படித் துடைக்கணும், எல்லாத்துக்கும் விதி. 1961-ல் அதைச் சொல்லிக்கொடுக்க ஹாம்பர்கர் பல்கலைக்கழகமே ஆரம்பித்தார்!

இவ்வளவு கறாரான மனிதரிடம் புதுசா ஒன்று நுழைய முடியுமா? நுழைந்தது. சின்சினாட்டியில் லூ குரோன் என்பவர் கடை இருந்த பகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம். வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும். அவர் மீன் சாண்ட்விச் செய்து காட்டினார். கிராக்குக்குப் பிடிக்கவில்லை. அன்னாசித் துண்டு வைத்த ஹூலா பர்கர் என்று தன் கண்டுபிடிப்பைப் போட்டிக்கு இறக்கினார். 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன்தான் ஜெயித்தது, முதலாளியின் அன்னாசி மண்ணைக் கவ்வியது. கிராக் தோல்வியை ஏற்றுக்கொண்டு மீனை மெனுவில் சேர்த்தார். 1967-ல் பிக் மேக் பிறந்ததும் ஒரு கடைக்காரரின், ஜிம் டெலிகாட்டியின், கையில்தான். முட்டை மெக்மஃபினும் சான்டா பார்பராவில் கடை நடத்திய ஹெர்ப் பீட்டர்சனுடையது. விதியைத் தளர்த்தவில்லை, ஆனால் சோதனையில் ஜெயித்தது யாருடையது என்று பார்க்கவில்லை. எத்தனை மேனேஜர்களுக்கு இது வரும்?

அதே மனிதர்தான் 1961-ல் 27 லட்சம் டாலருக்குச் சகோதரர்களிடமிருந்து பெயரை வாங்கினார். பழைய கடையை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் கிட்டேயே ஒரு மெக்டொனால்டு கடையைத் திறந்தார். எனக்கு இது பிடிக்கவில்லை. 1984-ல் கிராக் கோடீஸ்வரராக இறந்தார். சகோதரர்களோ சொந்தப் பெயரை எடுத்துவிட்டு 'பிக் எம்' என்று போர்டு மாட்டினார்கள். சில வருடங்களில் அந்தக் கடையும் மூடப்பட்டது.