தாவர நூல் வல்லார் இராபர்ட் வைட்

விழுப்புரத்திற்கு அணித்தாயுள்ள திருவாமாத்தூர்மீது கலம்பகம் பாடிய இரட்டையருள் ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். ஒருவர் குறையை மற்றவர் நிரப்பி, இருவரும் ஒருவரேபோல நின்று பாடினர் என்பது வழிவழி வந்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் அத்தகைய கூட்டுறவு தாவர நூற்றுறையிலும் நம் நாட்டில் நிகழ்ந்தது. எழுதியவர் ஸ்காத்லாந்து தேயத்தார், வரைந்தவர் இந்நாட்டார்.

இராபர்ட் வைட் 1796-ஆம் ஆண்டிற் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியங் கற்று, 1819-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் உதவி வைத்தியராய்ச் சென்னை மாகாணம் போந்தார். 1826-இல் அவர் அரசாங்க இயற்கைநூல் வல்லுநராக நியமிக்கப்பெற்றார். ஆயின், 1828-இல் அப்பதவி எடுபட்டது. வைட் நாகப்பட்டினத்துப் படை வைத்தியராய்ச் சென்றார்.

பதவி போயினும் அவர் பணி நின்றிலது. செடிகளைத் திரட்டி உலர்த்தினார். உலர்ந்த செடி நிறமும் வடிவும் இழந்துவிடும். அதனை மட்டுங் கண்டு ஆராய்வார்க்கு மலரின் உண்மையுருப் புலனாகாது. இக்குறையை நீக்கியவர் ரங்கையா என்னும் ஓவியர். அவர் பசுஞ்செடியை முன்வைத்து, இலை, அல்லி, சூலகம் ஆகியவற்றைத் தனித்தனியே வரைந்து தந்தார். அப்படங்களை வைட், கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பல்கள் சீமை சேரப் பல திங்களாகும். அங்ஙனஞ் சென்ற படங்களுட் சிலவற்றை ஹூக்கர் தம் சஞ்சிகையில் அச்சிட்டார். நம் நாட்டுப் பூவைக் கண்டறியாத அறிஞர், ரங்கையாவின் கைத்திறத்தால் அதனை அறிந்தனர்.

1831-இல் வைட், ஏறக்குறைய ஓரிலட்சம் உலர்செடிகளுடன் தாயகஞ் சென்றார். ஆர்னட் என்பாரோடு கூடித் தென்னிந்தியத் தாவரங்களைப்பற்றிய நூலொன்றை 1834-இல் வெளியிட்டார். அவ்வாண்டே வைட் இந்தியா மீண்டார். ஆர்னட் ஸ்காத்லாந்தில் தங்கினார். நூலும் முதற்பாகத்தோடு நின்றது.

அதன்பின் வைட் சென்னையிற் கல்லச்சுத் தொழிலைத் தாமே பயின்றார். 1838 முதல் 1853 வரை, கீழையிந்தியத் தாவர உருவங்கள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடைய பெருநூலை ஆறு பாகங்களாக வெளியிட்டார். 1842 முதல் கோயம்புத்தூரிற் பருத்திப் பயிர் ஆராய்ச்சியை மேற்பார்த்த காலத்தும், சென்னையில் நூல் அச்சேறுவது நிற்கவில்லை. அதன்கண் உள்ள படங்கள் 2101. அவற்றுட் பல ரங்கையாவும், அவர்க்குப்பின் வந்த கோவிந்துவும் வரைந்தவை.

அக்காலத்து ஆங்கிலேயர் பலர் இந்திய ஓவியர்பால் வேலை கொண்டனர். அவர்தம் பெயரைக் கூறினாரல்லர். வைட்டோ, படங்களில் ஓவியர் பெயரையும் பொறித்தார். அதனினும் மேலாக, 1853-இல் ஆர்க்கிடு வகையொன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்வந்தோர் அவ்வகையை வேறோர் இனத்தோடு சேர்த்தமையின் அப்பெயர் வழக்கு வீழ்ந்தது. படத்திலுள்ள பெயரோ அழிந்திலது.

வைட் 1853-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று, 1872-இல் ரெடிங் நகர்க்கு அருகே காலமானார். ரங்கையா, கோவிந்து ஆகியோர் வரைந்த மூலப்படங்கள் எடின்பரோவிலும் கியூவிலும் உள்ள தாவரத் தோட்டங்களிற் போற்றப்பெறுகின்றன. ஆயினும், ஆசிரியர் வாழ்வை நாளோடு கூறும் நமக்கு, ஓவியர் வாழ்வைப்பற்றிக் கூறத்தக்கது மிகச் சிறிது. தாவர நூல் பயிலும் மாணாக்கர் அந்நூற்பக்கத்தைப் புரட்டுங்கால், மலரைக் கண்டபின் அப்படத்தில் வரைந்த ஓவியர் பெயரையும் ஒருமுறை வாசிப்பாராக. கற்றார் கற்பித்தாரைப் போற்றும் கடன் அதனால் ஒருவாறு நிறைவுறும்.