முற்றத்தைத் தேடிப் போன தாராபாய்

அங்கன்வாடின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? சத்துமாவு, முட்டை, எடை பார்க்கிற தராசு, தடுப்பூசி அட்டை. கீழப்பாவூர் பக்கம் வளர்ந்தவங்களா இருந்தா, அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து உட்காரும் நேரத்தில் உங்களை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருப்பாங்க. டீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததும், கைதட்டி ஆடியதும் ஏதோ பொழுதுபோக்காக நடந்த மாதிரி மனசில் பதிஞ்சிருக்கும். ஆனா அந்தப் பேரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெண்மணிக்கு அந்தப் பாட்டும் ஆட்டமும் களிமண் பொம்மையும்தான் முக்கியமான வேலை. அவர் பெயர் தாராபாய் மோடக். நம்ம பாடப் புத்தகங்களில் அவரைப் பார்த்திருக்க மாட்டீங்க. அதனால அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1892 ஏப்ரல் 19 அன்று பம்பாயில் பிறந்தார். அப்பா சதாசிவ கேல்கர், பிரார்த்தனை சமாஜத்தைச் சேர்ந்த சீர்திருத்தவாதி. அம்மா உமாபாய், கணவரை இழந்த பிறகு மறுமணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்த வீட்டில் வளர்ந்த பெண் 1914-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அமராவதியில் வக்கீலாக இருந்த மோடக்கை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பிரிந்து வந்து, சொந்தக் காலில் நிற்பதற்காக ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் ஆனார். நல்ல பதவி, நல்ல சம்பளம். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

பவநகரில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுச் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். இத்தாலியின் மரியா மாண்டிசோரி எழுதியதைப் படித்து, அந்த முறையைக் குஜராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார். 1923-ல் தாராபாய் முதல்வர் வேலையை விட்டுட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் தேடி எடுத்தார்கள், குழந்தைகளுக்காகப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். 1926-ல் நூதன் பால சிக்ஷண சங்கம் தொடங்கியது. 1936-ல் மும்பை தாதரில் சிசு விகார் என்ற மையத்தைத் தாராபாய் ஆரம்பித்தார். 1939-ல் மாண்டிசோரியே நேராக நம்ம சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்றால், அந்த முறைக்கு இந்தியாவில் எவ்வளவு மவுசு இருந்தது என்று புரியும்.

ஆனா இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அது சட்டுனு பிடிபடும். மாண்டிசோரி முறையில் பிங்க் கோபுரம் என்று ஒரு சாமான் உண்டு. 1 சென்டிமீட்டர் கனசதுரத்தில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை, மொத்தம் 10 மரக்கட்டைகள். அளவு கொஞ்சம் பிசகினாலும் பயன் போயிடும். அருமையான டிசைன்தான், ஆனா விலை? பணக்கார வீட்டுக் குழந்தைகள் படிக்கிற பள்ளிதான் அதை வாங்க முடியும். இந்தியாவின் பெரும்பாலான குழந்தைகளோ கிராமத்தில் இருந்தார்கள்.

1945-ல், 53 வயதில், தாராபாய் மும்பையை விட்டுக் கிளம்பினார். வடக்கே கடற்கரையோரம் இருந்த போர்டி கிராமத்துக்குப் போய் கிராம பால சிக்ஷா கேந்திரத்தைத் தொடங்கினார். கூடவே வந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம் ஆகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து ஆசிரியையானவர். இந்த இரண்டு பெண்களும் கிராமத்தில் நடத்திய குழந்தைகள் பள்ளிக்குப் பெயர் பால்வாடி.

விலை உயர்ந்த சாமான் இல்லை. அதற்குப் பதில் கடற்கரைக் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, காய்ந்த இலை, பூ, குச்சி. எண்ணுவதற்கும் இதுதான், வண்ணம் பிரித்துப் பார்ப்பதற்கும் இதுதான், தரையில் கோலம் மாதிரி அடுக்கி அழகு பார்ப்பதற்கும் இதுதான். கலைக்கு ஒரு நேரம், கணக்குக்கு ஒரு நேரம்னு பிரிக்கவே இல்லை. ஒரு குழந்தை பத்துக் கிளிஞ்சலை வட்டமாக அடுக்கினால், அது கணக்கும்தான், ஓவியமும்தான்.

அப்படியும் எல்லாக் குழந்தைகளும் வந்துவிடவில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தலித் குடியிருப்புகளிலிருந்தும் ஆதிவாசிக் குடிசைகளிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெற்றோருக்கு ஆர்வம் இல்லைன்னு சொல்லிக் கை கழுவுறது ரொம்பச் சுலபம். தாராபாய் அப்படிச் சொல்லவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று முடிவு செய்தார். ஆசிரியைகள் அந்தக் குடியிருப்புகளுக்கே போய், வீட்டு முற்றத்தைச் சுத்தம் செய்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பாட்டும் விளையாட்டும் தொடங்கினார்கள். அங்கன் என்றால் மராத்தியில் முற்றம். முற்றத்தில் நடந்த அந்தப் பால்வாடிதான் அங்கன்வாடி.

முற்றத்தில் நடந்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அம்மாவும் பாட்டியும் பக்கத்திலேயே இருந்தார்கள். தன் பிள்ளை என்ன செய்யுதுன்னு பார்த்தார்கள். சுத்தம், சாப்பாடு, நோய் பற்றியெல்லாம் தனியாக வகுப்பு எடுக்காமலே பேச்சு வந்தது. குழந்தைக்காகப் போட்ட இடம் குடும்பத்துக்கே துணையாக ஆனது.

1957-ல் வேலை கோஸ்பாட் மலைக்கு மாறியது. அது வார்லி ஆதிவாசிகளின் பகுதி. கல்யாண வீட்டு மண்சுவரில் அரிசி மாவைக் கரைத்து வெள்ளை ஓவியம் தீட்டும் மக்கள். வாசலில் மாக்கோலம் போடுகிற நம்ம ஆச்சிமாருக்குத் தூரத்துச் சொந்தம்னே சொல்லலாம். அங்கே பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள், அதனால் மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. அக்காமார் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்ததால் படிக்க வர முடியவில்லை. அதற்காகத் தொட்டில் பிள்ளைகளின் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். யார் ஏன் வரலைன்னு ஒவ்வொரு தடவையும் பார்த்து, அதுக்கேத்த மாதிரி பள்ளியை மாற்றினார்கள். குழந்தைகளை மாத்தச் சொல்லவே இல்லை.

1962-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1973-ல் தாராபாய் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியது. அதன் மையங்களுக்கு வைத்த பெயர் அங்கன்வாடி. இன்றைக்கு நாடு முழுக்க லட்சக்கணக்கில் இருக்கு. முட்டையும் தடுப்பூசியும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கு, அதைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா தாராபாய் முற்றத்துக்கு எடுத்துப் போனதில் பாதியை நாம மறந்துட்டோம்.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப் கீழப்பாவூர் பக்கம் அமைஞ்சா நாம என்ன செய்வோம்னு நமக்கே தெரியும். ஒரு பெட்டி கிரேயான், சுவரில் ஒரு கார்ட்டூன், ஒரு குரூப் போட்டோ. கிரேயான் ஒரு மாசத்துல தீர்ந்துடும். தாராபாய் வந்திருந்தா முதலில் தெருவைத்தான் சுற்றிப் பார்த்திருப்பார். புளியங்கொட்டை இருக்கு, பனை ஓலை இருக்கு, குளத்துக் களிமண் இருக்கு. ஓலையில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்த தாத்தா இருப்பார், தாலாட்டுப் பாடத் தெரிந்த ஆச்சி இருப்பாங்க, பீடி சுத்துற விரலின் வேகத்தில் கோலம் போடுகிற அம்மா இருப்பாங்க. அவங்களில் ஒருத்தரை வாரம் ஒரு நாள் அங்கன்வாடியில் உட்கார வைக்க முடிந்தால், கேம்ப் முடிந்து நாம பஸ் ஏறிய பிறகும் அந்த வேலை நடக்கும். அப்புறம், யார் வீட்டுப் பிள்ளை அங்கே வரலைன்னும் விசாரிங்க. தாராபாய் ஒவ்வொரு தடவையும் அங்கேயிருந்துதான் ஆரம்பித்தார்.