பிமல் குமார் பச்சாவத்

சர்க்கரை என்றவுடன் நாவிற்கு இனிக்கும் பொருளே நம் நினைவுக்கு வரும். ஆயின், நம் மூளையிலும் நரம்பிலும் உள்ள கொழுப்புகளோடும் புரதங்களோடும் பலவகைச் சர்க்கரைகள், நூலிற் கோத்த மணிகள்போல் இணைந்துள்ளன. இக்கோவையில் ஒவ்வொரு மணியையும் அவிழ்ப்பதற்குத் தனித்தனியே ஒரு நொதி உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆதலின், நொதிகளைக் கொண்டே அக்கோவையின் அமைப்பை ஆராயலாம். இந்தியாவில் இத்துறைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் பிமல் குமார் பச்சாவத் ஆவார்.

இவர் 1925ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தார். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நிறுவிய நரம்பியல் துறையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நோயாளியின் கட்டிலுக்கு அருகிலேயே ஆய்வுக்கூடம் அமைந்தது ஒரு நற்பேறே.

அந்நாளில் மருத்துவரை மயங்கவைத்த நோய் ஒன்று இருந்தது. நன்கு நடை பயின்ற குழந்தை இரண்டாம் ஆண்டளவில் தள்ளாடத் தொடங்கும். கற்ற சொற்களையும் இழக்கும். பின்னர்ப் படுக்கையிற் கிடந்தே மாயும். நரம்புறையில் சல்பேட் சேர்ந்த சர்க்கரைக் கொழுப்பு ஒன்று குவிந்து கிடப்பதை அறிஞர் கண்டிருந்தனர். அஃது ஏன் குவிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

பச்சாவத்தும் அவர்தம் மாணவரும், ஜேம்ஸ் ஆஸ்டின் என்னும் அமெரிக்க மருத்துவரோடு சேர்ந்து இவ்வினாவை ஆராய்ந்தனர். திசுவை அரைத்துச் சாறெடுத்து, சல்பேட் கொண்ட பொருளை அதனோடு கலந்து, எவ்வளவு பிரிகிறது என்று அளந்தனர். நோயற்றோர் திசுவோடு அதனை ஒப்பிட்டனர். சல்பேட்டைப் பிரிக்கும் நொதி நோயாளரிடம் மிகக் குறைந்திருந்தது. இம்முடிவு 1963இல் வெளியாயிற்று. அவிழ்க்க வேண்டிய நொதி இல்லாமையால் அக்கொழுப்பு குவிந்தது என்பது இவ்வாறு புலனாயிற்று. இன்றும் குருதியின் வெள்ளணுக்களில் அந்நொதியை அளந்து நோயைத் தெளிகின்றனர்.

வேலியோரத்து ஆமணக்கின் விதையும் இவருக்குக் கருவியாயிற்று. அதிலுள்ள ஒரு புரதம், கேலக்டோஸ் என்னும் சர்க்கரையை இனங்கண்டு பற்றும் இயல்புடையது. அதனைக் கொண்டும் இவர் மாணவர்களோடு ஆய்வு நிகழ்த்தினார். 1962இல் பட்நாகர் பரிசும், 1990இல் பத்மபூஷண் விருதும் இவருக்குக் கிடைத்தன.

காரணம் தெரிந்தவுடன் மருந்தும் கிடைத்துவிடவில்லை. பச்சாவத் 1996இல் மறைந்தார். குறைவுற்ற நொதிக்குரிய மரபணுவை நோயுற்ற குழந்தையின் குருதியாக்கும் அணுக்களிற் சேர்க்கும் மருத்துவத்திற்கு, 2020இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. நோய்க்குறி தோன்றுமுன் அளித்தால்தான் அது பெரிதும் பயன் தரும்.