ஸர் ஆர்தர் காட்டன்

அணை கட்டிய காட்டனை யாவரும் அறிவர். 1836-ல் கொள்ளிடத்தில் எழுந்த மேலணையும் கீழணையும் தஞ்சை வயல்களைக் காத்தன. 1852-ல் முடிவுற்ற தவளேசுவரம் அணை கோதாவரிக் கழிமுகத்தை வளமாக்கிற்று. அவ்வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளார்கள். நாம் இங்குக் கூறப் புகுவது இருப்புப் பாதை இட்ட காட்டனைப் பற்றியே.

இங்கிலாந்தில் 1803-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1821-ல் சென்னைக்கு வந்தார். தொடக்கத்திலேயே பாம்பன் நீர்வழியை அளவிடும் பணி இவரிடம் வந்தமையால், செட்டிநாட்டிற்கு அண்மையிலுள்ள கடலையும் இவர் நன்கறிந்திருந்தார்.

சென்னை வீதிகளுக்குக் கல் வேண்டியிருந்தது. செங்குன்றத்திலிருந்து அதனைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொணர 1837-ல் காட்டன் ஓர் இருப்புப் பாதை அமைத்தார். நம் பக்கத்துக் கட்டடங்களிற் காணும் செம்புராங்கல்லே அங்கும் ஏற்றப்பட்டது. நீராவிப் பொறியை ஓட்டிப் பார்த்தார்களாயினும், வண்டிகளைப் பெரும்பாலும் விலங்குகளே இழுத்தன. பம்பாயில் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1853-ல், இராயபுரத்தில் 1856-ல். ஆதலின் இவரே இத்துறையில் முன்னோடி.

அத்தகையவர் பின்னாளில் இருப்புப் பாதைக்கு எதிராக வழக்காடினார் என்பது வியப்பன்றோ! ரயில்வேக் கம்பெனிகளின் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாக அரசாங்கம் உறுதி கூறியிருந்தது. வருமானம் குறைந்தால் குடிகளின் வரிப்பணமே ஈடு செய்தது. வட்டிக் கணக்கை நம் ஊரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. இந்நாட்டிற்கு வேண்டுவது விரைவன்று, மலிவே என்பது காட்டனின் கொள்கை. கால்வாய் வெட்டினால் தோணியில் நெல்லைச் சொற்பச் செலவில் அனுப்பலாம். அந்நீரே வயலுக்கும் பாயும். 1876-78 பஞ்சத்தில், ரயில் எட்டிய ஜில்லாக்களிலும் தானியத்தை விலை கொடுத்து வாங்க இயலாது பல இலட்சம் மக்கள் மாண்டனர். அவர் கூற்றில் உண்மை இருந்தது. மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே அதிவேகப் பாதை சமைக்கும் இந்நாளிலும் அவ்வழக்கு ஓய்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் நாம் ஒன்றை மறைத்தல் கூடாது. அவர் கருத்தையொட்டி எழுந்த கர்நூல்-கடப்பைக் கால்வாயையும் வட்டி உறுதி பெற்ற ஒரு கம்பெனியே வெட்டியது. செலவு மிகுந்து, வரவு குன்றி, 1882-ல் அரசாங்கமே அதனை விலைக்கு வாங்க நேர்ந்தது. ரயில்வேக்கு அவர் சொன்ன குறை அவர் கால்வாயையும் பற்றியது. 1878-ல் பார்லிமெண்டுக் குழு அவரை விசாரித்தது. கால்வாய்த் திட்டத்தை ஏற்கவில்லை. காட்டனோ தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார்.