தொடாமலே பாடும் கருவி... கண்டுபிடித்தவரோ 30 வருஷம் காணாமல் போனார்! யார் இந்த லெவ் தெர்மென்?

வசந்த காலம் பிறந்தாலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுப்புது இசை ஆல்பங்கள் வரிசைகட்டும். அதில் பாட்டு வரியே இல்லாமல், கருவியும் மின்சாரமும் மட்டும் பேசுகிற பரிசோதனை இசைக்கு என்று தனி ரசிகர் கூட்டமே இருக்கு. இந்த மின்னணு இசை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால், 100 வருஷத்துக்கு முந்தைய ரஷ்யாவில் ஒரு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் போய் நிற்போம்.

அங்கே ஒரு இளைஞர் காற்றில் கையை அசைக்கிறார். இசை வருகிறது. ஆனால் அவர் எதையும் தொடவில்லை!

அவர் பெயர் லெவ் தெர்மென். மேற்கத்திய நாடுகளில் லியோன் தெரமின் என்றால்தான் தெரியும். அவர் செய்த கருவிக்கும் தெரமின் என்றே பெயர். லெனின் முன்னால் வாசித்துக் காட்டியவர், நியூயார்க் மேடைகளில் கைதட்டல் வாங்கியவர், கைதியாகக் கடுங்குளிர் முகாமுக்குப் போனவர், அமெரிக்கத் தூதர் வீட்டையே ஒட்டுக்கேட்ட கருவியைச் செய்தவர்... எல்லாமே ஒரே ஆள்தான். அவர் வாழ்க்கையில் நடந்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

வாயுவை அளக்கப் போய் வந்த இசை

தெர்மென் பிறந்தது 1896 ஆகஸ்ட் மாதம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். சின்ன வயதிலேயே அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மின்சாரம், இன்னொன்று செல்லோ. வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி அது. ஒருபக்கம் இயற்பியல், இன்னொரு பக்கம் இசை என்று இரண்டையும் விடாமல் படித்தார்.

ரஷ்யப் புரட்சி முடிந்த நேரம். பெத்ரோகிராட் என்று பெயர் மாறியிருந்த அதே நகரில், இயற்பியலாளர் ஆப்ராம் யோஃபேயின் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1920-ல் வாயுக்களின் மின் பண்புகளை அளக்கும் ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அளவு மாறுவதைக் காதால் கேட்க ஹெட்போனை இணைத்தார். அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கருவி பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சத்தத்தின் சுருதி ஏறுகிறது, கையை விலக்கினால் இறங்குகிறது.

வேறு ஒருவராக இருந்தால் இதைக் கோளாறு என்று நினைத்துச் சரிசெய்திருப்பார். செல்லோ வாசிக்கத் தெரிந்த தெர்மென், கையை அசைத்து அதிலேயே ஒரு மெட்டை வாசித்துப் பார்த்துவிட்டார்.

தெரமின் எப்படி வேலை செய்கிறது?

மொட்டை மாடியில் ஏறி டிவி ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு இது சுலபமாகப் புரியும். கை பட்டாலே படம் தெளியும், கையை எடுத்தால் மறுபடியும் புள்ளி புள்ளியாக வரும். காரணம், நம் உடம்பும் மின்சாரத்தோடு உறவாடும் ஒரு பொருள்தான்.

தெரமினுக்குள் இரண்டு மின் அலைகள் ஓடும். இரண்டுமே நம் காதுக்குக் கேட்காத அளவுக்கு வேகமாக அதிர்பவை. ஒன்று மாறாது. இன்னொன்று, ஆன்டெனா அருகே கை வரும்போது கொஞ்சம் மாறும். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் நமக்கு ஒலியாகக் கேட்கிறது. உதாரணத்துக்கு, ஒன்று நொடிக்கு 1,70,000 முறையும் இன்னொன்று 1,69,560 முறையும் அதிர்ந்தால், வித்தியாசம் 440. அந்த 440 அதிர்வு காதுக்கு ஒரு ஸ்வரமாகக் கேட்கும்.

செங்குத்தாக நிற்கும் கம்பி சுருதிக்கு. பக்கவாட்டில் இருக்கும் வளையம் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். ஒரு கை சுருதியைப் பார்த்துக்கொள்ளும், மறு கை சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். கேட்க எளிது, வாசிப்பதுதான் கஷ்டம். பிடிக்க தந்தியும் இல்லை, அழுத்த கட்டையும் இல்லை. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போய்விடும்.

லெனின் முன்னால் ஒரு நாள்

விஷயம் மேலிடம் வரை போனது. 1922-ல் மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகைக்குத் தெர்மென் அழைக்கப்பட்டார். லெனின் முன்னிலையில் கருவியை வாசித்துக் காட்டினார். பிற்காலத்தில் தெர்மெனே சொன்னபடி, லெனினும் கையை நீட்டி, ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் ஒரு பாடலை முயன்று பார்த்தார்.

அன்று தெர்மென் இன்னொன்றையும் காட்டினார். யாராவது நெருங்கி வந்தால் ஒலி எழுப்பும் பாதுகாப்பு அலாரம். அதே தத்துவம்தான். கையை உணர்ந்தால் இசை, ஆளை உணர்ந்தால் எச்சரிக்கை. இசையா, காவலா என்ற இந்த இரட்டை முகம் கடைசி வரை அவரை விடவே இல்லை.

நாடு முழுக்க கச்சேரிகள் நடத்தினார். நடுவில் 1926-ல், தொலைவிலிருந்து படத்தை அனுப்பும் கருவியையும் செய்து காட்டினார். அதாவது தொலைக்காட்சியின் தொடக்க கால முன்னோடிகளில் இவரும் ஒருவர்!

நியூயார்க்கில் நட்சத்திரம்

1927-ல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம். ஆண்டு இறுதியில் நியூயார்க். 1928-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 1929-ல் பிரபல ஆர்சிஏ நிறுவனம் தெரமினைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரிந்தது. போதாக்குறைக்கு அதே ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து, பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. சுமார் 500 கருவிகளோடு தயாரிப்பு நின்றது.

ஆனால் தெர்மென் நிற்கவில்லை. நடனமாடுபவரின் உடல் அசைவையே இசையாக மாற்றும் மேடையை உருவாக்கினார். இசையமைப்பாளர் ஹென்றி கோவெலுக்காக, சிக்கலான தாளங்களைத் தானே வாசிக்கும் ரிதமிகான் என்ற கருவியைச் செய்தார். இன்றைய டிரம் மெஷினுக்கு அது தாத்தா என்று சொல்லலாம்.

கருவிக்கு உயிர் கொடுத்த கிளாரா

இந்தக் கதையில் மறக்கக் கூடாத பெயர் கிளாரா ராக்மோர். ரஷ்யாவிலிருந்து வந்த வயலின் மேதை. கையில் ஏற்பட்ட பாதிப்பால் வயலினையே விட வேண்டிய நிலை. அழுத்தவோ இழுக்கவோ தேவையில்லாத தெரமின் அவருக்கு மறுவாழ்வாக அமைந்தது.

கிளாரா வெறுமனே கற்றுக்கொள்ளவில்லை. கருவியின் எல்லையை விரிக்க வேண்டும், சத்தம் இன்னும் வேகமாகக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டு வாங்கினார். விரல்களைக் காற்றில் விரித்து மடக்கி ஸ்வரம் பிடிக்கும் தனி முறையையும் உருவாக்கினார். வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்ட தெரமின், கச்சேரிக் கருவியாக மதிக்கப்பட முக்கியக் காரணம் இவர்தான்.

தெர்மென் அவரைக் காதலித்தார், திருமணம் செய்துகொள்ளவும் கேட்டார். ஆனால் கிளாரா, வழக்கறிஞர் ராபர்ட் ராக்மோரைத் திருமணம் செய்துகொண்டார். நட்பு மட்டும் தொடர்ந்தது.

திடீரென மாயமானது ஏன்?

பிறகு தெர்மென், லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரைத் திருமணம் செய்தார். நிறவெறி உச்சத்தில் இருந்த அமெரிக்கா அது. அதுவரை வரவேற்ற பல வீடுகளின் கதவுகள் மூடிக்கொண்டன. கடன் வேறு கழுத்தை நெரித்தது. இன்னொரு பக்கம், அமெரிக்கத் தொழில்நுட்பத் தகவல்களைச் சோவியத் தரப்புக்குக் கொடுத்துவந்ததையும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

1938-ல் ஒருநாள் கப்பல் ஏறி சோவியத் யூனியனுக்குத் திரும்பிவிட்டார். லவினியா உடன் போகவில்லை. கணவர் கடத்தப்பட்டதாகவே அவர் நம்பினார். இருவரும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

திரும்பிய நாடு அவர் விட்டுப்போன நாடு இல்லை. ஸ்டாலினின் களையெடுப்புக் காலம். வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்றாலே சந்தேகம். 1939 மார்ச்சில் கைது, 8 ஆண்டு தண்டனை. தங்கச் சுரங்கங்களுக்கும் கடுங்குளிருக்கும் பெயர்போன கோலிமா பகுதிக்கு அனுப்பப்பட்டார். மேற்கத்திய நாடுகளில் அவர் இறந்துவிட்டதாகவே பேச்சு பரவியது.

தூதர் வீட்டுச் சுவரில் தொங்கிய காது

கோலிமாவிலிருந்து அவரை மீட்டது அவருடைய மூளைதான். விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் கைதிகளாக வைத்து வேலை வாங்கும் ரகசிய ஆய்வுக்கூடத்துக்கு மாற்றப்பட்டார். விமான வடிவமைப்பாளர் துப்பலேவ், பின்னாளில் சோவியத் விண்வெளித் திட்டத்தை வழிநடத்திய கொரோலியோவ் ஆகியோரும் அப்படிப்பட்ட கைதிகள்தான்.

அந்தக் காலத்தில் அவர் செய்ததுதான் உலகையே அதிரவைத்த ஒட்டுக்கேட்புக் கருவி. 1945-ல் சோவியத் சிறுவர்கள், அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய ஒரு மரப்பலகையை அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைத் தூதர் மாளிகையிலேயே மாட்டிவைத்தார்கள். உள்ளே இருந்தது தெர்மெனின் கருவி.

அதில் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால்தான் உயிர் பெறும். அறையில் யாராவது பேசினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அதிரும். அந்த அதிர்வு, திரும்பிப் போகும் அலையை மாற்றும். கையசைவு மின் அலையை மாற்றினால் இசை, பேச்சு மாற்றினால் உளவு. கிட்டத்தட்ட தெரமினின் அதே தத்துவம்!

7 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1952-ல்தான் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். 1960-ல் அந்தப் பலகையை ஐ.நா. சபையிலேயே தூக்கிக் காட்டினார்கள்.

1947-ல் தெர்மென் விடுதலை ஆனார். அதே ஆண்டு, ஒட்டுக்கேட்புத் தொழில்நுட்பத்துக்காக அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. எந்த அரசு சிறையில் தள்ளியதோ, அதே அரசு கொடுத்த விருது. மறுபடியும் திருமணம், இரண்டு மகள்கள். ஆனால் 1960-களின் நடுப்பகுதி வரை வேலை உளவுத்துறைக்குத்தான்.

ஒரு செய்தியால் போன வேலை

அதன்பிறகு மாஸ்கோ இசைக் கல்லூரியில் வேலை கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் இசைக்கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1967-ல் அங்கே வந்த அமெரிக்க இசை விமர்சகர் ஹெரால்ட் ஷோன்பெர்க், செத்துப்போனதாக நினைத்தவர் உயிரோடு நிற்பதைப் பார்த்து அசந்துபோனார். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது.

உலகத்துக்கு அது நல்ல செய்தி. தெர்மெனுக்கோ அதுவே வினையானது. கல்லூரி நிர்வாகம் அவரை வேலையை விட்டு நீக்கியது. கருவிகள் அழிக்கப்பட்டன. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சாதாரண தொழில்நுட்பப் பணியாளராக அடுத்த காலத்தை ஓட்டினார்.

அவர் இல்லாதபோது என்ன நடந்தது?

இத்தனை காலமும் அவருடைய இசை சும்மா இருக்கவில்லை. ஹிட்ச்காக்கின் 1945-ம் ஆண்டு படமான ஸ்பெல்பவுண்டில், மனம் குழம்பிய நாயகனின் நிலையைச் சொல்ல தெரமின் பயன்பட்டது. 1951-ல் வந்த தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்துக்குப் பிறகு, வேற்றுக்கிரகவாசி வந்தாலே இந்த நடுங்கும் ஊ... சத்தம்தான் என்றாகிவிட்டது.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற சிறுவன் தானே ஒரு தெரமின் செய்து பழகினான். வளர்ந்ததும் தெரமின் செய்து விற்கத் தொடங்கிய அதே மூக்தான், 1964-ல் தன் பெயரிலேயே சிந்தசைசரை உருவாக்கினார். ராக், பாப், டிஸ்கோ, சினிமா என்று எல்லா இசையையும் மாற்றிய கருவி அது. 1977-ல் கிளாராவின் தெரமின் வாசிப்பு ஆல்பமாக வெளிவரவும் மூக் துணைநின்றார்.

92 வயதில் மறுபடியும் மேடை

சோவியத் கெடுபிடிகள் தளர்ந்த பிறகு, 1989-ல் பிரான்ஸின் பூர்ஜ் நகரில் நடந்த பரிசோதனை இசை விழாவுக்கு தெர்மென் வந்தார். 1938-க்குப் பிறகு வெளிநாட்டு மண்ணை மிதித்தது அப்போதுதான். 1991-ல் அமெரிக்காவுக்கும் போனார். நியூயார்க்கில் கிளாராவைச் சந்தித்தார்.

அதே 1991-ல் இன்னொரு ஆச்சரியத்தையும் செய்தார். தன்னைச் சிறையில் தள்ளிய நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார்! ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1993 நவம்பர் 3-ம் தேதி, 97 வயதில் மாஸ்கோவில் காலமானார்.

இன்று தெரமின் எங்கே இருக்கிறது?

தெர்மெனின் உறவுக்காரச் சிறுமி லிடியா கவினா. 9 வயதில் அவரிடமே தெரமின் கற்றார். கருவிகளை உடைத்தபிறகும் தெர்மென் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை என்பதற்கு இவரே சாட்சி. பின்னாளில் உலகின் முன்னணி தெரமின் கலைஞர்களில் ஒருவரானார். ஜெர்மனியின் கரோலினா ஐக் போன்ற அடுத்த தலைமுறை, இந்தக் கருவிக்கென்றே புதிய இசையை எழுதிவருகிறது. ஜப்பானில் ரஷ்ய மர பொம்மைக்குள் தெரமினை வைத்து, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வாசிக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு பழைய விண்வெளிப் படத்திலோ, புதிதாக வரும் பரிசோதனை ஆல்பத்திலோ, வயலினா மனிதக் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு ஒலி கேட்டால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். யாரோ ஒருவர், 1920-ல் தெர்மென் செய்த மாதிரியே, காற்றில் கையை அசைத்துக்கொண்டிருக்கலாம்.